கை தூக்கும் வைத்தியம்

என் வீட்டுக்காரருக்கு ஐம்பது தாண்டியதும் வலது தோள் இறுகிப்போயிற்று. ரப்பர் மரத்தில் உயரமாகப் பட்டை சீவிச் சீவியே கெட்ட தோள். கை வாய்வரைதான் வரும்; தலை வாரிவிடுவதுகூட நான்தான். மலாயாவில் கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கே கிடைத்த எண்ணெயில் அவர் தேய்த்துப் பார்க்காதது எதுவுமில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்தில் கணக்கெழுதி எங்களை மேய்த்த கிராணிக்கு வைத்தியப் பித்துப் பிடித்தது. நேற்றுவரை வெள்ளைக்காரத் துரைக்குக் குனிந்தவர், இப்போது இடுப்பு ஒடியும்படி சூரியன் உதிக்கும் பக்கம் குனிந்தார். விடியலில் எல்லோரையும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சி. "ஒடம்ப ஆட்டுனா கெழவனும் கொமரனாவான்லா!" வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு நாங்கள் குமரிகளாகிக்கொண்டிருந்தோம். முடிவில் ஜப்பான் ராஜாவுக்கு வாழ்த்தாக அவர் "பான்சாய்!" என்று கத்துவார், இரண்டு கையையும் தூக்கி நாங்களும் கத்த வேண்டும்.

கிண்டல் செய்த என் வாய் அடைத்துப்போனது. முதலில் காதுவரை வந்த என் வீட்டுக்காரரின் கை, சில மாதங்களில் வானத்தைப் பார்த்தது. மனுஷர் தானே தலை வாரிக்கொண்டார். "பாத்தியா புள்ள, புதுக் கை!" எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

பிறகு சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க அதே களத்துக்கு லாரி வந்தது. போனவர்கள் யாரும் திரும்பியதாகக் கேள்வியில்லை. கை கால் விளங்காதவர்களை மட்டும் விட்டுவிடுவார்களாம்.

"தோளப் புடிச்சுக்கிட்டு, வலிக்குதுன்னு மலாய்ல சக்கிட், சக்கிட்டுன்னு அழுங்க. கையத் தூக்கித் தொலைச்சுடாதீங்க," என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

நன்றாகவே நடித்தார். சிப்பாய் கையைப் பிடித்து மேலே இழுத்தபோது அவர் அலறிய அலறலில் எனக்கே வலித்தது. போ என்று ஒதுக்கி நிறுத்திவிட்டான்.

அப்பாடா என்று நான் மூச்சுவிடுவதற்குள், லாரியோடு வந்த ஜப்பான் அதிகாரியை வழியனுப்பக் கிராணி தொண்டை கிழியக் கத்தினார்: "பான்சாய்!"

பாழாய்ப்போன பழக்கம். என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளும் விறுக்கென்று மேலே போயின. அந்தக் களத்திலேயே அவர் கைதான் நேராக நின்றது. சிப்பாய் சிரித்துக்கொண்டே அவரை லாரியில் ஏற்றினான்.

"மறந்துட்டேன் புள்ள," என்றார். அவ்வளவுதான். அவர் திரும்பி வரவேயில்லை.

லாரி போன மறுநாள் விடியலில் கிராணிக்கு வெட்கமுமில்லை, மானமுமில்லை. அதே களம், அதே கத்தல். நான் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

"என்னம்மா, கைக்கு என்னா?"

"வெளங்கலைங்க."

"எந்தக் கை?"

"ரெண்டும்தான்," என்றேன்.