கலங்கலைக் கடந்த ஜீப்

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஜீப் ஓட்டிய பதினெட்டு வருஷத்தில் வேதகிரி ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை. ஏரிக்கரை மேல் ஏறினாலும், ஐப்பசி மழையில் வண்டித்தடமெல்லாம் களியாகக் கிடந்தாலும், அவன் வண்டியில் உட்கார்ந்தவர்கள் கம்பியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. மற்ற டிரைவர்கள் சேற்றைக் கண்டதும் ஆக்சிலேட்டரை மிதிப்பார்கள்; சக்கரம் தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். வேதகிரி சேற்றுக்கு முன்னாலேயே நிறுத்தி இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்து பார்ப்பான். அடியில் கெட்டித் தரை இருக்கிறதா என்று காலுக்குத் தெரிந்த பிறகுதான் திரும்பி வந்து, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தடியைத் தள்ளுவான். முன் சக்கரங்களுக்கும் இழுவை வந்துவிடும். எல்லோரும் ‘ஃபோர் வீல்’ என்று சொல்வது அதைத்தான். நல்ல ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் தடியைப் பின்னுக்கு இழுத்துவிடுவான். காய்ந்த ரோட்டில் நாலு சக்கரமும் இழுத்தால் டயரும் போகும், திருப்பத்தில் ஸ்டியரிங்கும் சொன்னபடி கேட்காது.

இதையெல்லாம் அவனுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. செய்யாற்று மணல் லாரியில் கிளீனராக ஏறி, அடியும் திட்டும் வாங்கித் தெரிந்துகொண்டது. காவாந்தண்டலத்துக் காலனியில் பிறந்தவன். அப்பனும் அம்மாவும் ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலி. எழுபத்தொன்றில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் ஜீப் டிரைவர் வேலை கிடைத்தபோது காலனியே அவன் காக்கிச் சட்டையைத் தொட்டுப் பார்த்தது. அதுவரை “டேய்” என்று கூப்பிட்ட தெருக்களில் “டிரைவரே” என்று குரல் கேட்டது. ஆனால் வேலை தற்காலிகம்தான். நிரந்தரம் ஆக்கச் சொல்லி வருஷா வருஷம் ஃபைல் மேலே போகும், ஏதோ ஒரு குறிப்போடு திரும்பி வந்து அதிகாரியின் மேஜையில் படுத்துக்கொள்ளும். இப்படியே ஐந்து வருஷம்.

வேதகிரிக்கு ஒரே தங்கை, அம்முலு. அம்மா செத்தபோது அவளுக்கு ஆறு வயது. லாரிக் கூலியில் அவளை வளர்த்து, மானாம்பதிக்கு அப்பால் களத்துமேடு என்ற சின்னக் குடியிருப்பில் பெருமாள் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தான். பெருமாள் கரும்பு வெட்டுகிற ஆள், சிரிப்புக்குக் குறைவில்லாதவன். ஏழு வருஷம் கழித்து, இனி இல்லை என்று ஊரே முடிவு கட்டிய பிறகு, அவர்களுக்கு ஒரு பையன் பிறந்தான். எத்திராசு என்று பேர் வைத்தார்கள்.

களத்துமேட்டுக்குப் போக ஒரே வழிதான். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக விழுந்து அந்த வழிக்குக் குறுக்கே ஓடும். அந்த நாட்களில் மாட்டுவண்டிகூடப் போகாது. பத்து நாளோ பதினைந்து நாளோ, களத்துமேடு தனித் தீவு.

எழுபத்தாறில் நெருக்கடி நிலை. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு இத்தனை பேரைக் கொண்டுவா என்று அலுவலகத்துக்கு அலுவலகம் இலக்கு வந்தது. வேதகிரியின் அதிகாரி தாமோதரன் சுபாவத்தில் கெட்டவர் இல்லை. ஆனால் இலக்கு எட்டாத இரண்டு பேருக்குச் சம்பள உயர்வு நின்றுபோனதைப் பார்த்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் ஜீப்பில் ஏறினால் ஊர் ஊராக அலைவார். அலைந்து பயனில்லை. ஜீப் சத்தம் கேட்டதுமே ஆம்பளைகள் கரும்புக் கொல்லைக்குள் போய்விடுவார்கள். மிஞ்சுவது நாயும் கிழவிகளும்தான்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்து பெய்த மழையில் ஏரி நிரம்பியது. கலங்கலுக்கு முன்னால் ஜீப் நின்றது. எதிரே முப்பது கெஜத்துக்கு மண்ணின் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் களத்துமேட்டின் கூரைகளில் அடுப்புப் புகை. வண்டி எதுவும் வராது என்ற தைரியத்தில் ஆம்பளைகள் எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள் என்று தாமோதரனுக்குத் தெரியும்.

“வேதகிரி, வண்டி போகுமா?”

வேதகிரி மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். தொடை வரை வந்தது. அடியில் கருங்கல் தளம் கெட்டியாக இருந்தது. இழுப்பு இருந்தது, ஆனால் ஆளைத் தள்ளுகிற இழுப்பு இல்லை. அக்கரை வரை போய்த் திரும்பி வந்தான்.

“போவாது சார்” என்று அப்போது அவன் சொல்லியிருக்கலாம். தண்ணீர் விஷயத்தில் அவன் வார்த்தைக்கு மேல் தாமோதரன் ஒரு வார்த்தை பேசமாட்டார். இரண்டே சொல். அதைச் சொல்லாததற்கு மேஜையில் கிடந்த ஃபைல் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை வேதகிரி பல வருஷம் கழித்துத் தன் பெண்சாதி மலர்க்கொடியிடம் மட்டும் சொன்னான். அந்தத் தண்ணீரை அதுவரை ஒரு வண்டியும் தாண்டியதில்லை. தன்னால் முடியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

“போவும் சார்” என்றான். “நீங்க கெட்டியா குந்துங்க.”

பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைக் கழற்றினான். ஃபேன் சுற்றினால் தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடிக்கும். கரண்ட் போகிற வயர்களைக் கிரீஸ் தடவிய துணியால் சுற்றிக் கட்டினான். சின்னத் தடியைத் தள்ளி, சத்தம் மாறாமல் ஒரே மிதியில் வண்டியை இறக்கினான். நடுவில் கியர் மாற்றவில்லை, கிளட்ச்சைத் தொடவில்லை. நடந்துபோகிற வேகத்தில் ஜீப் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் அக்கரையில் ஏறியது. ஏறியதும் நனைந்த பிரேக் காய்வதற்காக லேசாக மிதித்து மிதித்துக் கொஞ்ச தூரம் ஓட்டினான். தாமோதரன் மூச்சு விட்டார்.

களத்துமேட்டில் யாரும் ஓடவில்லை. மாறாக, எல்லோரும் ஓடி வந்தார்கள். ஐந்து நாளாக அடைந்து கிடந்தவர்கள். வெள்ளத்துக்கு அரிசி கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பெண்கள் கூடையும் முறமுமாக வந்து நின்றார்கள். பெருமாள் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

“எங்க மச்சான் வண்டிடா! பாத்தீங்களா, எந்தத் தண்ணில இஸ்துக்கினு வந்துக்கீறாரு!”

தாமோதரன் அரிசியைப் பற்றிப் பேசவில்லை. உத்திரமேரூரில் முகாம் நடக்கிறது, வருகிறவர்களுக்கு வேட்டியும் பணமும் உண்டு, வராதவர்களின் ரேஷன் கார்டும் வீட்டுமனையும் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். பெண்கள் கூடைகளைக் கீழே இறக்கினார்கள். அதிகாரியின் கண் முன்னால் வந்து நின்றாகிவிட்டது, இனி ஓடி ஒளிய முடியாது; ஒரு பக்கம் ஏரி, மூன்று பக்கம் வெள்ளம் நின்ற வயல். எல்லோரும் வேதகிரியைப் பார்த்தார்கள்.

பெருமாள் கிட்டே வந்து தணிந்த குரலில் கேட்டான். “இன்னா மச்சான் இது? ஏறலாமா வாணாமா?”

வேதகிரியின் பார்வை கலங்கல் பக்கம் இருந்தது. வரும்போது தெரிந்த கல் ஒன்று இப்போது தெரியவில்லை. மேலே எங்கேயோ மழை பெய்திருக்கிறது.

“தண்ணி ஏறுது மாப்ள. கெளம்பணும். ஏறுறவங்க சீக்கிரம் ஏறுங்க.”

அவன் சொன்னது வண்டிக்காக. பெருமாள் கேட்டது வேறு. மச்சானே ஏறச் சொல்லிவிட்டார் என்று அவன் மகனை அம்முலுவின் கையில் கொடுத்துவிட்டு ஏறினான். அவன் ஏறியதைப் பார்த்து இன்னும் ஆறு பேர் ஏறினார்கள். திரும்பும்போது தண்ணீர் தொடைக்கு மேல் ஏறிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் அலறினான். வேதகிரி ஸ்டியரிங்கை விரலால் பிடித்தபடி, இழுப்புக்குக் கொஞ்சம் எதிராக மூக்கை வைத்து, ஒரு ஆட்டம் இல்லாமல் கரையேற்றினான். “கைய கண்ணுல ஒத்திக்கணும் மச்சான்” என்றான் பெருமாள்.

முகாமில் பேர் எழுதும் இடத்தில் வேதகிரி தாமோதரனைத் தனியாகக் கூப்பிட்டான்.

“சார், அவனுக்கு ஒரே புள்ள சார். ஏழு வருசம் கழிச்சிப் பொறந்தது.”

“உனக்குச் சொந்தமா?”

“தங்கச்சி புருசன் சார்.”

இரண்டு குழந்தையாவது இருப்பவர்களைத்தான் ஆபரேஷனுக்கு எடுக்கலாம் என்று விதி. தாமோதரன் குழந்தைகள் என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினார். “நீ கூட்டிட்டு வந்த கேஸுன்னு உன் பேர்லயே போடறேன். உன் ஃபைலுக்கு அது நல்லது. இப்ப ஒருத்தரைத் திருப்பி அனுப்பினா மத்தவனும் எழுந்து போயிடுவான்யா” என்றார்.

வேதகிரி வெளியே போய் வயர்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான். அதற்கு மேல் அவன் ஒன்றும் செய்யவில்லை.

பெருமாள் கோபப்படவில்லை. “ஒண்ணு கீதே, போதும் வுடு” என்றான். அம்முலு மட்டும் அண்ணனுக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள். ‘கூட்டி வந்தவர்: வேதகிரி, ஓட்டுநர்’ என்று முகாமில் பெருமாளுக்குக் கொடுத்த சீட்டில் இருந்ததைப் படிக்கத் தெரிந்த யாரோ அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.

மறுவருஷமும் ஏரி நிரம்பியது. நெருக்கடி நிலை போய்விட்டது, தாமோதரனும் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தக் கார்த்திகையில் வெள்ளத்தோடு வாந்திபேதி வந்தது. களத்துமேட்டில் இரண்டு பேர் செத்துவிட்டார்கள் என்று ஆள் நீந்தி வந்து சொன்னான். மருந்துப் பெட்டியும் குளுக்கோஸ் பாட்டில்களுமாக நர்ஸ் மேரி கிளம்பினாள். அந்தத் தண்ணீரைத் தாண்டத் தெரிந்தவன் ஒருவன்தான் என்று வேதகிரியைக் கூப்பிட்டார்கள்.

அவனும் போன தடவை போலவே எல்லாம் செய்தான். நடந்து பார்த்தான், பெல்ட்டைக் கழற்றினான், வயரைக் கட்டினான். கழியில் தொடைக்கு மேலே ஒரு கோடு கீறினான். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் ஜீப் மிதக்க ஆரம்பிக்கும், மிதக்கிற வண்டிக்கு நாலு சக்கரத்திலும் இழுவை இருந்து பிரயோஜனம் இல்லை. அக்கரை ஏறியதும் கழியைத் தண்ணீருக்குள் நட்டுவிட்டு மேரியோடு ஊருக்குள் போனான்.

களத்துமேட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீரில் ஜீப் முக்கிக்கொண்டு வரும் சத்தம் கேட்டதுமே குஞ்சு குளுவான்களை வாரிக்கொண்டு, முழங்கால் தண்ணீர் நின்ற கரும்புக் கொல்லைகளுக்குள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். எழுந்திருக்க முடியாத ஒரு கிழவர் மட்டும் படுத்துக்கிடந்தார். மேரி அவருக்கு மருந்து கொடுத்தாள்.

வேதகிரி வரப்பில் நின்று கத்தினான். “அம்முலு! நான்தான், அண்ணன் வந்துகீறேன்! ஊசி போட வந்துகீறாங்க, வெளியே வாங்க!”

ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் கொல்லைக்குள் சலசலப்பு இன்னும் தூரம் போனது.

ஒரு மணி நேரம் அலைந்தான். கரும்புத் தோகை கையையும் முகத்தையும் அறுத்தது. எங்கேயோ ஒரு குழந்தை முனகுகிற சத்தம் கேட்டது மாதிரி இருந்தது. உடனே யாரோ வாயைப் பொத்தியது மாதிரியும் இருந்தது. கரைக்குப் போய்ப் பார்த்தான். தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது.

“இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமே டிரைவர்” என்றாள் மேரி.

“கோடு தொட்டுடுச்சிம்மா. இதுக்கு மேல ஏறுனா உங்கள வெச்சிக்கினு என்னால இறங்க முடியாது. இப்பவே போவணும்.”

மாத்திரைகளையும் உப்புப் பொட்டலங்களையும் அம்முலு வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். அன்றும் வண்டி ஒரு ஆட்டம் ஆடவில்லை.

எத்திராசு கரும்புக் கொல்லைக்குள்தான் இருந்தான். முந்தின நாளிலிருந்தே அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் விடிகிற நேரத்தில் செத்துப்போனான். வாசற்படியில் இருந்த பொட்டலங்களை யாரும் பிரிக்கவில்லை; சர்க்கார் மாத்திரை, என்ன மாத்திரையோ என்று கோலால் தள்ளி வாய்க்காலில் விட்டிருந்தார்கள்.

தண்ணீர் வடிந்து வேதகிரி போனபோது பெருமாள் வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “நீ இன்னா பண்ணுவ மச்சான், வண்டிதானே ஓட்டுன” என்று அழுதான். அம்முலு உள்ளேயிருந்து வந்தாள். அவள் அழவில்லை.

“ஓட்டத் தெரியாத எவனாவது அன்னிக்கு வந்திருந்தா, வண்டி தண்ணிலயே நின்னிருக்கும். எங்க வூட்ல இன்னொரு புள்ள பொறந்திருக்கும். இதுவும் வெளிய வந்து மருந்து குடிச்சிருக்கும்” என்றாள். “நல்லாத்தான் ஓட்டற நீ. போ.”

அவன் வாசலிலேயே நின்றான். அவள் கதவைச் சாத்தவில்லை. திறந்தே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அது அவனுக்குச் சாத்தியதைவிட மோசமாக இருந்தது.

எழுபத்தெட்டில் வேதகிரியின் வேலை நிரந்தரமானது. உத்தரவைக் கொண்டுவந்து கொடுத்த குமாஸ்தா இனிப்பு கேட்டான். வேதகிரி பேருந்து நிலையத்துக் கடையில் காராபூந்தி வாங்கிக்கொடுத்தான். அந்தத் தாளை மலர்க்கொடி சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அவன் எடுத்துப் பெட்டியில் போட்டான். எண்பத்துமூன்றில் காஞ்சிபுரத்தில் ஒரு விழா வைத்து, விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காகக் கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். இளம் டிரைவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள். “தண்ணில எறங்கறதுக்கு முன்னாடி நடந்து பாருங்க” என்றான். பிறகு, “அப்புறமும் யோசிங்க” என்றான். கைதட்டினார்கள்.

பெருமாள் எண்பத்தைந்தில் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். சாவுக்கு வேதகிரி ஜீப்பில் போகவில்லை, மானாம்பதியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போனான். அம்முலு அவனைத் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை.

அதற்கப்புறம் அவளை அவன் வழியில்தான் பார்ப்பான். மானாம்பதி ரோட்டில் தலையில் புல்லுக்கட்டோடு அவள் தனியாகப் போய்க்கொண்டிருப்பாள். பின்னால் ஜீப் சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமலேயே ரோட்டைவிட்டு வயலுக்குள் இறங்கி வரப்பில் நிற்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு ஒன்றும் தெரியாது. ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய் என்று கேட்பார். வேதகிரி முதல் கியருக்கு வந்து, அவள் மேல் புழுதி படாதபடி ஊர்ந்து ஊர்ந்து கடந்து போவான்.