கத்திரிக்கு நடுவே கொத்தமல்லி

எனக்குக் கல்யாணமாகி அரியலூருக்கு வந்து சில வருஷங்கள் கழித்து, என் நாத்தனார் செந்துறையிலிருந்து திரும்பி வந்துவிட்டாள். என் கணவருக்கு ஒரே தங்கை. பிள்ளையில்லை என்று அவள் புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். இவளை யாரும் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டாள்.

மாமனாரும் மாமியாரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். எனக்கும் அப்போது பிள்ளையில்லை. அதைப் பற்றி நானும் அவளும் ஒருநாளும் பேசியதில்லை.

கொல்லையில் நான் கத்திரி, மிளகாய், தக்காளி வைத்திருந்தேன். பேர்தான் தோட்டம். சிமெண்ட் ஆலைப் புழுதி இலையெல்லாம் சாம்பல் பூசினாற்போல் படிந்திருக்கும். கத்திரியில் நுனித்தண்டு தலை சாய்ந்து வாடும். காயை நறுக்கினால் உள்ளே புழு. கடையில் மருந்து வாங்கித் தெளித்துத் தெளித்துப் பார்த்தேன். அவள் கிணற்றடியில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆடி மாதம் ஒரு நாள் மண்வெட்டியை எடுத்தாள்.

"என்னம்மா பண்றே?"

"கத்திரிக்கு நடுவுல கொத்தமல்லி தூவப் போறேன் அண்ணி. அந்த வாசனைக்குப் பூச்சி சட்டுனு அண்டாது."

மிளகாய்ப் பாத்தியைச் சுற்றி ஆமணக்கு விதை ஊன்றினாள். எதற்கு என்று கேட்டேன்.

"எங்க கடலைக்காட்டுல வரப்பு சுத்தியும் போடுவோம். அந்துப்பூச்சி ஆமணக்கு எலையைத்தான் தேடிப் போயி முட்டை வெக்கும். அந்த எலையைக் கிள்ளி அழிச்சுட்டா மொளவாய்க்கு வராது."

செந்துறைப் புருஷன் வீட்டுக் காட்டை எங்க கடலைக்காடு என்றாள். அவளுக்கு அது வாயில் வந்ததே தெரியவில்லை.

தக்காளி வரிசையோடு செண்டுமல்லி வைத்தாள். மக்காச்சோளத்தை ஊன்றி, அது முழங்கால் உயரம் வந்ததும் அடியில் தட்டைப்பயறு போட்டாள். கொடி சோளத்தைப் பிடித்துக்கொண்டு ஏறியது. காலையில் ஈரத்துணியால் இலைகளின் புழுதியைத் துடைப்பாள். அந்த வருஷம் மருந்தே வாங்கவில்லை. கத்திரிக்காயில் புழு அடியோடு போய்விடவில்லை. ஆனாலும் கூடை நிறையக் காய்த்தது. அவள் முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. வேலையை முடித்துவிட்டுப் பழையபடி கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அடுத்த வருஷ மழைக்காலத்தில் அவள் புருஷன் வந்தான். உள்ளே வரவில்லை, வாசற்படியிலேயே நின்றான். புதியவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பெற்றவள் படுத்த படுக்கையாகக் கிடக்கிறாள் என்றான். "புள்ள பாலுக்கு அழுவுது. பாத்துக்க ஆளில்ல."

"இப்பதான் இவ கண்ணுக்குத் தெரிஞ்சாளா?" என்று என் கணவர் அவன் சட்டையைப் பிடிக்கப் போனார்.

அவள் கொல்லையில் ஆமணக்கு இலை கிள்ளிக்கொண்டிருந்தவள், கையைக் கழுவிக்கொண்டு வந்து பையை எடுத்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"போவாதம்மா. அவங்களுக்கு வேலைக்கு ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான்."

"எனக்குத் தெரியும் அண்ணி. அந்தப் புள்ளைக்குத் தெரியாதுல்ல."

போய்விட்டாள். தோட்டத்தை நான் பார்த்துக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். இலை கிள்ளுவதற்குச் சில நாள் சோம்பிவிட்டேன். புழு ஆமணக்கைக் குச்சியாக்கிவிட்டு மிளகாய்க்குள் இறங்கியது.

ஒருமுறை செந்துறைக்குப் போய்ப் பார்த்தேன். குழந்தை அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. அம்மா, அம்மா என்று அவள் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பேசியது. அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பெற்றவள் உடம்பு தேறிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "பெத்தவ நான் இங்க இருக்கேன். ஏன்னுகூட கேக்க மாட்டேங்குது," என்று என்னிடம் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

பயந்தபடியே ஆனது. குழந்தை ஓடியாடும் வயசு வந்ததும், புருஷன் இவளை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிட்டான்.

இந்த முறை அவள் கொல்லைப் பக்கமே போகவில்லை. நான் பாத்தி கட்டி, விதையெல்லாம் வாங்கி வைத்துக் கூப்பிட்டேன். "வாம்மா, எதுக்குப் பக்கத்துல எது வெக்கிறதுன்னு சொல்லேன்."

"உங்களுக்கே தெரியுமே அண்ணி," என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஒரே ஒரு நாள், தண்ணீர் எடுக்க வந்தவள் நின்று, "வெங்காயத்தை அவரைக்கிட்ட வெக்காதீங்க. ரெண்டும் ஒத்துப்போவாது," என்றாள். மறுபடி ஏதாவது சொல்வாள் என்று கையில் நாற்றோடு நின்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சில வருஷம் கழித்து பங்குனியில், திருமழபாடி கோயில் நந்தி கல்யாணத் திருவிழாவுக்கு அவளை வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில், வளையல் கடைப் பக்கம், அவள் வளர்த்த அந்தப் பெண்ணைப் பார்த்தோம். பாவாடை சட்டை போட்டு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எங்கள் பக்கம் திரும்பியது. என்னைப் பார்த்ததுபோலவே அவளையும் பார்த்துவிட்டு, வளையல் பக்கம் திரும்பிக்கொண்டது. தாய் எங்களைக் கவனித்துவிட்டாள்; குழந்தையை மெல்ல அடுத்த கடைக்கு நகர்த்திக்கொண்டு போனாள்.

"கூப்பிடட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் அண்ணி. முடி நல்லா வளந்திருக்கு," என்றாள். பிறகு, "கெளம்புவோம், பஸ் போயிடும்."

பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து உட்காரவைத்தாள். வழியில் அவள் பக்கத்திலேயே ஒரு இடம் காலியானது. உட்காரச் சொன்னேன். அரியலூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தாள்.