பூட்டைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தில் குடியிருந்தோம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு. நான்கு வீட்டுக்கும் பொதுவாக முன்வாசலில், தரைக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, சம்ப். லாரித் தண்ணீர் அதில்தான் இறங்கும். இரும்பு மூடிக்குப் பூட்டு உண்டு. சாவி கீழே எங்கள் எதிர்வீட்டுக்காரரிடம் இருந்தது.

சண்டை அந்தச் சாவியால் வந்தது. மற்றவர்கள் கேட்டால் அது அவர் வீட்டில் எளிதில் அகப்படாது. அவர் வீட்டு வாளிகள் மட்டும் நிறைந்திருக்கும். ஒரு நாள் அவரும் மாடிவீட்டுக்காரர் ஒருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் மொட்டைமாடியில் கூடினோம். பூட்டையே எடுத்துவிடலாம், வேண்டியவர்கள் வேண்டியபோது திறந்துகொள்ளட்டும் என்று நான்தான் சொன்னேன். சட்டையைப் பிடித்துக்கொண்ட இருவருமே தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மாடியில் இன்னொரு வீட்டில் இருந்த அக்கா மட்டும் ஒப்பவில்லை. குப்பை போடுவது முதல் துணிக்கொடி கட்டுவது வரை எதற்கும் வாதாடுகிறவர்.

“பூட்டு மேல இன்னா கோவம் சார்? சாவி யாராண்ட இருக்கணும்னுதான பேச்சு? புள்ளைங்க ஓடியாடுற எடம். பூட்டு இருக்கட்டும், சாவிக்கு வழி பாருங்க.”

“சண்டை தீர்ந்துட்டா அக்காவுக்குச் சோறு எறங்காது” என்றார் எதிர்வீட்டுக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்றரை வயது மகள் அப்போது என் மடியில் இருந்தாள்.

பூட்டை அன்றே கழற்றினோம். இரண்டு வாரத்துக்குள் அந்த மூடியை யாரும் முழுதாக மூடுவதில்லை என்றாகிவிட்டது. அடுத்து எடுக்க வருகிறவர் மூடட்டும் என்று விட்டுவிடுவோம். நானும் அப்படி விட்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை மதியம் லாரி வந்துபோன பிறகு, உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்; மகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் யாரோ தடதடவென்று ஓடும் சத்தம், பிறகு தண்ணீரில் குதிக்கும் சத்தம். வெளியே வந்தபோது அக்கா சம்புக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்று என் மகளை மேலே தூக்கிப் பிடித்திருந்தார். குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. வெளியே ஏறி, அவளைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவள் இருமினாள்.

“மூச்சு வந்துடுச்சி. புடிங்க சார்.”

அவ்வளவுதான் சொன்னார். திட்டுவார் என்று அன்றும் காத்திருந்தேன், மறுநாளும் காத்திருந்தேன்.

திங்களன்று பூட்டு மாட்டினோம். தாம்பரத்தில் நான்கு சாவி செய்து வீட்டுக்கு ஒன்று கொடுத்தோம். மொத்தம் ஒரு மணி நேர வேலை.

மகளுக்கு எதுவும் நினைவில்லை. நான் இன்றும் எந்த வீட்டு வாசலில் சம்ப் மூடியைக் கண்டாலும் காலால் அழுத்திப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு நடந்த கூட்டங்களில் அக்கா வந்து உட்காருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். மறுத்துச் சொல்ல ஆளில்லாமல் எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.