கைதிக்கு முதல் கரண்டி

பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்கிப் போடுகிறவளிடம் பிள்ளைகள் சோறு மட்டும்தான் கேட்பார்கள் என்று நம்பி இந்த வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டவர்களே, என் கதையையும் கேளுங்கள். சீனாக்காரனோடு சண்டை வந்தபோது நான் கடலூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் சமையல்காரி. குழம்பு அடிப்பிடிக்குமோ, சோறு பத்தாதோ என்று தினமும் எனக்குக் கவலை. அது போதாதென்று யுத்தமும் வந்து சேர்ந்தது.

விறகு அறையில் ஓர் எதிரி

விறகு எடுக்கப் போனால் உள்ளே அழுகைச் சத்தம். ஒன்றாம் வகுப்பு ஏழுமலையைச் சண்டை விளையாட்டில் சீனாக்காரனாக்கிப் பிடித்து, தாழ் போட்டு வைத்திருந்தார்கள். "கைதிக்கு ஏது சோறு?" என்றான் மூன்றாம் வகுப்பு பஷீர். அவன்தான் மேஜர்.

எனக்கு வந்ததே கோபம்! சிதம்பரத்தில் அச்சாபீஸில் பேப்பர் அச்சடிக்கும் என் தம்பி படித்துச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "புடிபட்டவன் கையில துப்பாக்கி இல்லடா. அவன அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, வீட்டுக்குக் கடுதாசி எழுத விடணும். எல்லா நாட்டுக்கும் இதான் சட்டம். நீங்க மறந்துடுவீங்க, அதனால இனிமே கைதிக்குத்தான் மொதக் கரண்டி." பஷீர் யோசித்தான்.

"அப்போ சண்ட போடறதவிட புடிபடறது மேல் போல இருக்கே, ஆயாம்மா!"

தினமும் பிடிபடுகிறவள்

மறுநாளிலிருந்து இரண்டாம் வகுப்பு அமுதா ஓடாமல் நின்றே பிடிபட்டாள். தட்டை நீட்டுவாள், சோறு விழுந்ததும் உற்றுப் பார்ப்பாள். "அவ்ளோ பசியாடி?" என்று எரிந்து விழுந்தேன். பட்டாளத்துக்காரரான அவள் அப்பா எதிரியிடம் சிக்கிவிட்டார் என்று கடிதம் வந்திருந்தது அப்போது எனக்குத் தெரியாது, பிறகுதான் தெரிந்தது.

"பசி இல்ல ஆயாம்மா. நெஜமாவே தெனமும் குடுக்கறாங்களான்னு பாக்கறேன்."

பெரிய சாரின் விசாரணை

பெரிய சாரிடம் யாரோ பற்ற வைத்துவிட்டார்கள். "யுத்த நிதிக்கு ஊரே நகையைக் கழட்டிக் குடுக்குது, நீ சீனாக்காரனுக்கு மொத பந்தி வைக்கிறியா? நிறுத்து, இல்லன்னா வேலைய விட்டுப் போ!" என்றார் தலைமையாசிரியர். நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "அங்க எதிரி மொகாம்ல சோறு ஆக்கறவங்களையும் யாராவது இப்படித்தான் மெரட்டுவாங்க சார். அவுங்க பயந்துட்டா அமுதா அப்பா கதி என்ன? நான் நிறுத்த மாட்டேன்." அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"மொதக் கரண்டி சரி. ரெண்டாவது கரண்டி கெடையாது!"

டி.சி. வாங்க வந்தவர்

அடுத்த வருஷம், சிதம்பரத்துக்குக் குடிபோகிறோம் என்று அமுதாவின் டி.சி. வாங்க ஒருவர் வந்தார். சட்டை தோளில் நிற்கவில்லை. "சோறு போட்டாங்களா மாமா?" என்றான் பஷீர். "போட்டாங்கடா. கொஞ்சமா" என்றார் அவர். அதற்குள் அமுதா தன் தட்டை அவர் கையில் திணித்து, வரிசைக்கு முன்னால் இழுத்து வந்தாள்.

"தள்ளுங்கடா, எங்கப்பாதான் நெஜக் கைதி!"

அன்றைக்கு நான் இரண்டாவது கரண்டியும் போட்டேன், மூன்றாவதும் போட்டேன், பெரிய சார் ஜன்னல் வழியாகப் பார்த்தும் என் வேலை போகவில்லை.