வரதரிடம் மழை கேட்டேன், கஞ்சி வந்தது

‘பிரமோதூத வருஷம் வைகாசி, கருடசேவைக்கு மறுநாள். கிடங்கு எரிந்தது. மழை இல்லை. ஆண் குழந்தை.’ என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. விட்டுப்போனதை அடியார்களுக்கு இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்ணெண்ணெய்க் கிடங்கு. அதில் இரண்டு இரும்புத் தொட்டிகள். அன்று காலை தூரத்துத் தொட்டி பற்றிக்கொண்டது. எங்கள் சுவரை ஒட்டியிருந்தது இன்னும் பற்றவில்லை. வீட்டுக்குள் என் மனைவி கமலத்துக்குப் பிரசவ வலி. அவளை வெளியே தூக்கப் போனேன். மருத்துவச்சி மறித்தாள்.

“இப்ப நவுத்தினா ரெண்டு உசுரும் போயிடும் சாமி. நெருப்ப நீங்க பாத்துக்கோங்க.”

நெருப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது புத்தகத்தில் படித்தது மட்டும். சூரியன் தொடாமலே சுடுவதுபோல, எரியும் தொட்டியின் அனல் வெளியைக் கடந்து பக்கத்துத் தொட்டியின் இரும்பைக் காய்ச்சும். உள்ளே எண்ணெய் ஆவியாகும். பிறகு அதுவும் பற்றும். ஆகவே ஓடிவந்த தெருக்காரர்களிடம் எரியாத தொட்டியை நனைக்கச் சொன்னேன்.

“எரியறது அங்க. இவரு இதக் குளிப்பாட்டச் சொல்றாரு” என்று சிரித்தார் எதிர்வீட்டு நெசவாளி ஏகாம்பரம். சிரித்துக்கொண்டே ஊற்றவும் செய்தார். ஊற்றிய தண்ணீர் வழிந்தோடியது. இரும்பு உடனே காய்ந்தது. கோடையில் கிணறு எவ்வளவு தாங்கும்?

தரையில் விழுந்தேன். “வரதா, ஒரே ஒரு மழை.” வானத்தில் ஒரு பருந்து மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“சாமி, தண்ணி தீந்துபோச்சு. பாவுக்குப் போடக் காச்சின கஞ்சிதான் இருக்குது. ஊத்தவா, வாணாமா?” என்றார் ஏகாம்பரம்.

தெருவில் தறியில் ஏற்றுவதற்கான பட்டு நூல் பாவுகள் நீளமாக விரித்துக் கிடந்தன. பக்கத்தில் அண்டா அண்டாவாகக் கஞ்சி. கோணிகளை அதில் முக்கி, அனல் படும் பக்கத்தில் வீசினோம். நாடக நோட்டீஸ்போல் ஒட்டிக்கொண்டன. காயக் காய மேலும் கஞ்சி. தொட்டி சோற்றுப்பானைபோல் ஆவி விட்டபடி நின்றது. பற்றவில்லை. எரிந்தது எரிந்து அடங்கும் நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது.

“புள்ள பொறந்துட்டான், சரி. எம் பாவுக்கு யாரு கஞ்சி காச்சறது?” என்றார் ஏகாம்பரம்.

நான் கூப்பிட்டது வரதரை, வந்தது ஏகாம்பரம். ஏகாம்பரம் எங்கள் ஊர்ச் சிவன் பெயர்; ஆகவே இதைப் பெருமாள் கோயில்காரர்களும் சிவன் கோயில்காரர்களும் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள்.

மழை மறுநாள் வந்தது. குழந்தைக்கு வரதன் என்று பெயரிட்டேன். தெரு அவனைக் கஞ்சி வரதன் என்கிறது. அன்றிலிருந்து பெருமாளிடம் இன்னது கொடு என்று கேட்பதில்லை. ஆபத்து என்று மட்டும் சொல்லிவிட்டு, வருவது எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன். நீங்களும் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்த இரண்டாம் தொட்டியில் அன்று எண்ணெய் இருந்ததா என்று கிடங்குக்காரரை வருஷந்தோறும் கேட்கிறேன். “இருந்திருக்கும்” என்கிறார். இதுவரை உறுதிப்படவில்லை.