துளை போடாத மவுண்ட்

எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதை முதலில் சொன்னது என் துவக்குதான். குறிபார்த்துச் சுடும்போது, குழாய் நுனியில் இருக்கும் குறிமுள் ஒருநாள் இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், மூன்றாகத் தெரிந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. லண்டன் மோர்டனில் இருந்து சனிக்கிழமைகளில் சுடும் கழகத்துக்குப் போகிற ஒரே தமிழ்ப் பெண் நான். உலகப் போருக்குப் பிறகு இராணுவம் கழித்து விற்ற பழைய துவக்கு ஒன்றை உரிமம் எடுத்து வாங்கி வைத்திருந்தேன். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் சனம் கதைக்காமல் விடுமா?

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். இவவுக்கென்ன விசரே?"

கதைக்கட்டும். மன்னாரில் துவக்கு எப்போதும் இன்னொருவர் கையில் இருந்தது, நான் அதற்கு முன்னால் கையை உயர்த்திக்கொண்டு நின்றவள். இங்கே அதற்குப் பின்னால் படுத்து, ஒரு கடதாசியை மட்டும் சுடுகிறேன். கழகத்தின் பழைய துவக்கு அணியில் எனக்கு ஓர் இடமும் இருந்தது. அந்த இடத்தை ஒரு வெள்ளெழுத்துக்கு விட்டுக்கொடுப்பதா?

போட்டி விதிப்படி தொலைநோக்கி பொருத்தலாம். ஆனால் அதைத் துவக்கில் தாங்கிப் பிடிக்க மவுண்ட் வேண்டும். அதில் இரண்டு வகை. ஒன்றுக்குத் துவக்கின் உடம்பில் துளை போட்டுப் புரி வெட்ட வேண்டும். மற்றது, கண்ணுக்குக் கிட்ட இருக்கும் பழைய பின்குறியைக் கழற்றிவிட்டு, அது இருந்த துளையிலேயே பொருத்துவது. எங்கள் அணித்தலைவர், ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர், துளை போடு என்றார். போடாத வகை நாலு குண்டு தாங்காது, ஆடும் என்றார்.

"இவ்வளவு காலம் காயமில்லாமல் தப்பி வந்த சாமான். என் கையால் அதில் ஓட்டை போடமாட்டேன்" என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் ஊர்க்கோபத்தோடு. அவர் தோளைக் குலுக்கினார். தெரிவுச் சோதனைக்கு இரண்டு சனிக்கிழமைகள்தான் இருந்தன.

துளை போடாத மவுண்ட் தபாலில் வந்தது. குசினி மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். இரவு பூட்டிய அலுமாரியைத் திறந்து, துவக்கை எடுத்து மவுண்டைப் பொருத்தினேன். இரும்பில் எண்ணெய் மினுங்கியது. புதுச் சாமானுக்குக் கம்பனிக்காரர் பூசியதாக்கும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை முதல் குண்டு நடுவில். இரண்டாவது இடப்பக்கம். பிறகு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை. வரும் கிழமையும் இப்படியென்றால் இன்னொருவரைப் போட வேண்டி வரும் என்று தலைவர் மெதுவாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, மேசையில் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். திருகாணிகள் கையில் வழுக்கின. என் மனிசன் தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, மாதாவின்ர எண்ணெய் பூசியும் ஆடினதே?"

"என்ன எண்ணெய்?"

"ஊர் மாதா கோயிலில இருந்து வந்த மந்திரிச்ச எண்ணெய். புதுக் கார் எடுத்தாலும் பூசிறனாங்கள்தானே. திருகாணிக்கும் வடிவாப் பூசினனான்."

"ஐயோ கடவுளே! காருக்கு முன்பக்கம் பொனெற்றில பூசினீங்கள். பிரேக்கில பூசினீங்களே?"

கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். இரும்பும் இரும்பும் காய்ந்து இறுகிப் பிடிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் பூசினால், ஒவ்வொரு உதைப்புக்கும் நழுவாமல் என்ன செய்யும்? மனிசன் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"உமக்கு அந்த இடம் போயிடக்கூடாதெண்டு நேர்ந்தனான். எனக்குத் துவக்கெண்டாலே பயம். என்னால ஏலுமானது அதுதான்."

இத்தனை வருடம் என் பக்கம் ஒருவரும் இல்லை என்று தலையை நிமிர்த்தித் திரிந்தவள் நான். ஸ்பிரிட்டால் ஒவ்வொரு திருகாணியையும் துடைத்து, காயவைத்து, இறுக்கிப் பூட்டினேன். துளை போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை, புறப்படும்போது அந்தச் சின்னப் போத்தலை நானே எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"பூசிறதெண்டால் எனக்குப் பூசுங்கோ. துவக்குச் சாமானில கை வைக்கவேண்டாம்."

நெற்றியில் சிலுவை வரைந்தார். பிறகு, ஒருபோதும் வராதவர், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார்.

குண்டுகள் எல்லாம் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. தலைவர் கடதாசியைப் பார்த்தார், மவுண்டை ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை. "இடம் உன்னுடையதுதான்" என்றார். பின்னால் திரும்பினேன். காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, மனிசன் நின்றார்.

அவர் ஒரு குண்டையும் பார்க்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில், கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும், ஒவ்வொரு குண்டும் எங்கே பட்டதென்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.