டேப்பம்மா பேசாதிருந்த இருபத்தொன்பது வருடம்

டேப்பம்மா என்று பெயர் வந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. காலையில் முகம் கழுவியதும் இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டால் படுக்கப் போகும்போதுதான் கழற்றுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனைக்கே அதோடு போய் உட்கார்ந்துவிட்டாள். கடைத்தெருவில் அவளுடைய தையல் கடைக்கு ஒரே ஒரு சட்டம்: ஆளை எதிரே நிறுத்தி அளவெடுக்காமல் துணியில் கத்தரி வைக்க மாட்டாள். பழைய சட்டையைக் காட்டி, இதை வைத்து வெட்டிக்கொள்ளுங்கள் என்று யாராவது நீட்டினால் தீர்ந்தது; சட்டை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் பறக்க வேண்டியதுதான். உடம்பு மாறிக்கொண்டே இருக்கும், அது சட்டைக்கு எப்படித் தெரியும் என்பாள். அப்படிப்பட்டவள், பெற்ற தாய்க்கே டேப் வைத்துப் பார்த்தவள், கட்டிய புருஷனுக்கு மட்டும் அளவெடுக்காமல் கோட் வெட்டினாள்.

புருஷன் போஸ்ட்மேன். முப்பத்தைந்து வருடம் ஏரியைச் சுற்றி சைக்கிள் மிதித்தவர். கல்யாணமான புதிதில் அவருக்குப் பக்தி கிக்தி எதுவும் கிடையாது. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் தூங்குவார். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள் அவள்தான். ஆறு வருடம் பிள்ளையில்லை. ஆறு வருடமும் பொழுது விடிந்தால் முழங்காலில் நின்று கேட்டாள். பெண் பிறந்தது. அரை நாள் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கடவுளோடு பேசவில்லை. ஊர் வாயை மூட வேண்டுமே என்று கோயிலுக்குப் போவாள். எல்லோரும் எழுந்தால் எழுவாள், உட்கார்ந்தால் உட்காருவாள். ஜெபம் என்றதும் உதட்டைப் பூட்டிக்கொள்வாள். சமாதானம் சொல்ல வந்த போதகரிடம் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு ஐயா. அதையும் கையில குடுத்துட்டுப் பிடுங்கிக்கிட்டார். இனிமே எனக்கும் அவருக்கும் பேச்சு கிடையாது." போதகர் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அவள் விட்ட இடத்தில் அவர் பிடித்துக்கொண்டார். குழந்தை இறந்த மாதத்தில் ஒரு காலை, கடிதப் பையோடு ஏரிக்கரையில் வந்தவர் மேலே போக முடியாமல் நின்றார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, யாருமில்லாத இடம் என்று வாய்விட்டு அழுதார். பனி மெல்ல விலகியது. கோரைக்குள்ளிருந்து ஒரு நீர்க்கோழி தன் குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனது. காற்று தண்ணீரில் ஒரு கோடு இழுத்தது. அவ்வளவுதான். குரல் கேட்கவில்லை, ஒளி தெரியவில்லை. ஆனால் தான் அழுது முடிக்கும்வரை யாரோ எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாக அவருக்குப் பட்டது. அன்றிலிருந்து தினமும் அந்த இடத்தில் பத்து நிமிடம் சைக்கிள் நிற்கும். பாதி ஊருக்குத் தபால் பத்து நிமிடம் தாமதம். அதனால் யார் குடியும் முழுகிவிடவில்லை.

ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்கு எதிரேயே வீடு பார்த்துவிட்டார். இரண்டு அறை, தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சமையலறை ஜன்னல். கரையில் தானே பலகை அறைந்து ஒரு பெஞ்சும் போட்டுக்கொண்டார். அவளுக்கு அந்த வீடு கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஈரக்காற்றில் ஊசி துருப்பிடிக்கிறது, துணியில் வாடை ஏறுகிறது என்று மூன்று வருடம் முணுமுணுத்தாள். அவருக்குக் கோயிலாக இருந்தது அவளுக்கு வெறும் தண்ணீர்தான்.

நான்காம் வருடம் அவருக்கு வயிற்றில் நோய் வந்தது. மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு என்றார் டாக்டர். மாற்றல் உத்தரவு வந்தவர் மாதிரி அவர் அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அவள்தான் டாக்டர் முதல் மருந்துக் கடைக்காரர் வரை எல்லோரிடமும் சண்டைக்கு நின்றாள். அவர் கேட்டது இரண்டே இரண்டு. ஒன்று, காலமெல்லாம் ஆபீஸ் உடுப்பிலேயே கழித்தாயிற்று, உன் கையால் ஒரு நல்ல கோட் வேண்டும். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு என்று அவளே அறிவித்துவிட்டாள். இரண்டாவதை அவர் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னார்.

"ஒருநாள் காலையில என்கூட வந்து பெஞ்சில உக்காரும்மா. நான் போறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும்."

"கோட் முடியட்டும்," என்றாள் அவள்.

அவளுக்கு உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பட்டுவாடா ஆகாத ஒரு கடிதம் பையில் இருந்தால் வீட்டுக்கு வராத மனிதர் இவர். கேட்டது நடக்காதவரை இவருக்குப் போக மனசு வராது. கோட்டும் முடியக்கூடாது, ஜெபமும் நடக்கக்கூடாது. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் மூழ்குகிறவளிடம் போய் நியாயம் பேச முடியுமா?

கோட்டை அவள் பழைய அளவு நோட்டைப் பார்த்து வெட்டினாள். நெஞ்சு நாற்பது, இடுப்பு முப்பத்தாறு. வாசற்படியில் நின்ற அவர், அளவெடுக்கவில்லையா என்று கேட்டார். உங்கள் அளவு எனக்குத் தெரியாதா என்று நிமிராமலே சொன்னாள். பகலில் தைத்ததை மாலையில் ஏதோ குறை சொல்லிப் பிரிப்பாள். கோட்டின் ஒரு கை தோளில் உட்காரவே மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் அவர் பெஞ்சு வரை தானாக நடந்தது போய், தடியோடு நடந்தது போய், உதவிக்கு வந்த தன் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவராகிவிட்டார். வலிக்கும்போது தோள் துண்டைப் பல்லில் கடித்துக்கொள்வார். சத்தம் வெளியே வராது.

ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, மனசு தாங்காமல், தன் கணக்கை நாத்தனாரிடம் அவள் உளறிவிட்டாள். நாத்தனார் தட்டைக் கீழே வைத்தாள்.

"நீங்க பிடிச்சு வச்சிருக்கறது அண்ணனை இல்ல அண்ணி. அண்ணனோட வலியை."

நாத்தனாருக்கு என்ன தெரியும், அவள் புருஷன் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான் என்று டேப்பம்மா பொரிந்து தள்ளினாள். இரண்டு நாள் அவளோடும் பேச்சில்லை. ஆனால் அந்த வார்த்தை முள்ளாக உள்ளே போய்விட்டது. மூன்றாம் நாள், தற்காலிகமாக நூலோட்டிய கோட்டை எடுத்து வந்து அவருக்குப் போட்டுப் பார்த்தாள்.

கோட் தோளிலிருந்து வழிந்து தொங்கியது. கை விரல் நுனிவரை மூடியது. அவர் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்றார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை விட்டுவிட்டார்.

"அளவெடுத்துடும்மா. நான் இப்போ இவ்வளவுதான்னு நீயும் பார்த்துக்கோ."

அவள் டேப்பை எடுத்தாள். கடையில் அவள் அளவைச் சொல்லச் சொல்ல யாராவது நோட்டில் எழுதுவது வழக்கம். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்த வேலை அவருடையது. இன்றைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அவரே எழுதினார். நெஞ்சு முப்பத்திரண்டு. டேப்புக்கு அடியில் ஒவ்வொரு விலா எலும்பும் அவள் விரலில் தட்டியது. தோள் பதினைந்தரை. இடுப்புக்கு வந்தபோது டேப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவரே குனிந்து டேப்பைப் பார்த்து, இருபத்தேழு என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதிக்கொண்டார். வீட்டில் இல்லாத ஒரு ஆளுக்கல்லவா இத்தனை நாள் கோட் தைத்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மடியில் தலை வைத்து, வெட்கத்தை விட்டு, ஓவென்று அழுதாள்.

மறுநாள் விடியும்போது நாத்தனாரை எழுப்பாமல் அவளே அவரைக் கைத்தாங்கலாக பெஞ்சுக்குக் கூட்டிப்போனாள். இருபது அடி தூரத்துக்கு நான்கு முறை நின்றார்கள். ஏரி அசையாமல் கிடந்தது. எதிர்க்கரை மரங்கள் பனிக்குள் பாதி தெரிந்தன. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. இந்த அமைதியைப் பார்க்கத்தான் மனிதர் தினமும் வந்தாரா, நாம் ஊசித் துருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோமே என்று அவளுக்கு ஒரு நிமிடம் தன் மேலேயே கோபம் வந்தது.

அவர் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற மாதிரிதான் ஜெபம் செய்தார். ராத்திரி இரண்டு மணி நேரம் தூங்க விட்டதற்கு நன்றி என்றார். பிறகு நிறுத்திவிட்டு, உன் முறை என்பதுபோல அவளைப் பார்த்தார். வாய் திறந்தால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் கண்ணை மூடாமல், தண்ணீரைப் பார்த்தே பேசினாள்.

"உங்ககூட பேச எனக்கு இப்பவும் இஷ்டமில்லை. இவருக்காக வந்திருக்கேன். இவருக்கு வலி தாங்க முடியலை. கூட்டிட்டுப் போறதா இருந்தா கூட்டிட்டுப் போங்க, நான் இழுத்துப் பிடிக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. எங்க பொண்ணு அங்கதான் இருக்கா. வெளியூர் போயிருந்த இவர் வந்து சேர்றதுக்குள்ள அவளை மண்ணுக்குள்ள வச்சுட்டாங்க. இவர் அவ முகத்தைப் பார்த்ததே இல்லை. தானா தேடினா அடையாளம் தெரியாது. நீங்கதான் கொண்டுவந்து இவர் கையில குடுக்கணும்."

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் சண்டை போட எதிரே ஒரு ஆள் இருக்கிறார், இத்தனை வருடமும் இருந்திருக்கிறார் என்பது மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கவில்லை. பிடித்துக்கொள்ள இன்னொரு கை வந்ததுபோல இருந்தது.

அதன் பிறகு அவர் ஒன்பது நாள் இருந்தார். கோட்டை எட்டாம் நாள் முடித்தாள். அது எப்படிப் பொருந்தியது என்று யாரும் அவளிடம் கேட்பதில்லை. அந்த நாட்களைப் பற்றி அவள் அதிகம் பேசுவதுமில்லை. அன்று காலை பெஞ்சில் நடந்ததைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். அவள் பேசி முடித்த பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருபத்தொன்பது வருடமாகக் கேட்காததைக் கேட்டாராம்.

"எப்படி இருந்தா?"

"தலை நிறைய முடி. மூக்கு உங்க மூக்கு," என்றாள். "அழுதுகிட்டே இருந்தா. நான் தூக்கினதும் நிறுத்திட்டா."

அவர் இரண்டு கைகளையும் மடியில் ஏந்துகிற மாதிரி வைத்துப் பார்த்தார்.

"நான் தூக்கினாலும் நிறுத்துவாளா?"

"நிறுத்துவா," என்றாள்.